பல்லாவரத்தில் இறங்காத டைனோசர்

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரமே மகளின் கைபேசிக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. அடையாறில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு முதல் பருவம் முழுக்க ஒரே ‘தீம்’: வரலாற்றுக்கு முற்பட்ட வாழ்க்கை. கணக்கு, ஆங்கிலம், ஓவியம், பாட்டு, பி.டி. எல்லாம் அதற்குள் அடக்கம். கணக்கு வகுப்பில் டைனோசர் முட்டைகளைக் கூட்டிக் கழிப்பார்கள். பி.டி. வகுப்பில் மாமத் யானையைப் போல நடப்பார்கள். தமிழ் வகுப்புக்கு மட்டும் எப்படியோ விலக்கு கிடைத்திருந்தது. அங்கே வழக்கம்போல அணிலும் ஆடும்தான்.

எங்கள் காலத்தில் பருவத்துக்கொரு தீம் கிடையாது. வருஷம் முழுவதற்கும் ஒரே தீம், பிரம்பு.

1970-களின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் நான் படித்த பள்ளியில் ஆதி மனிதனுக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றேகால் பக்கம். அதிலும் கால் பக்கம் படம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லோடு கல்லை உரசும் ஓர் ஆள். புத்தகம் அண்ணன், அடுத்த வீட்டுப் பையன், அவன் ஒன்றுவிட்ட தம்பி என்று கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தபோது ஆதி மனிதனுக்கு மூக்குக் கண்ணாடி, முறுக்கு மீசை, நெற்றியில் நாமம் எல்லாம் வந்திருந்தன. நாமம் வடகலையா தென்கலையா என்பதில் வகுப்பில் தகராறு வந்து, இரண்டு பேர் பெஞ்சு மேல் நிறுத்தப்பட்டார்கள். கற்காலம் பற்றி எங்கள் வகுப்பில் நடந்த ஒரே விவாதம் அதுதான்.

சார் நோட்ஸ் சொல்லுவார். நாங்கள் எழுதிக்கொள்வோம். ‘ஆதி மனிதன் குகைகளில் வாழ்ந்தான். பச்சை மாமிசம் உண்டான்.’ மாமிசம் என்ற சொல் வந்ததும் மாட வீதிப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். பழைய கற்காலம் செவ்வாய்க்கிழமை முடிந்தது. புதிய கற்காலத்தைப் புதன்கிழமை முடித்துக்கொண்டு வியாழக்கிழமை சிந்து சமவெளிக்கு வந்துவிட்டோம். மனித குலம் பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்ட வேலையை மூன்று பீரியடில் முடித்த பெருமை எங்கள் வகுப்புக்கு உண்டு. பரீட்சையில் கோடிட்ட இடத்தில் ‘சிக்கிமுக்கிக் கல்’ என்று நிரப்பினால் ஒரு மதிப்பெண். அந்தக் கல் எப்படி இருக்கும், எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாருக்கும் தர்மசங்கடமாக இருந்திருக்கும்.

செய்முறைப் பயிற்சி என்று ஒன்று இருந்தது. பள்ளி நடத்தியதல்ல, நாங்களாக நடத்திக்கொண்டது. இரண்டு வெள்ளைக் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு, மின்சாரம் போன ராத்திரியில் போர்வைக்குள் புகுந்து வேகமாக உரசினால் உள்ளே மஞ்சளாக ஓர் ஒளி ஓடும். உடனே முகர்ந்து பார்த்தால் ஏதோ கருகிய வாசனை. நெருப்பு வந்ததில்லை. போர்வை கிழிந்து அம்மாவிடம் அடி வாங்கியது உண்டு.

இப்போது பேத்தியின் பருவத்துக்கு வருகிறேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ‘டியர் பேரன்ட்ஸ்’ என்று காலையில் ஒரு செய்தி வரும். மறுநாளுக்குள் தெர்மகோல் அட்டை, பழுப்புத் தாள், ஆப்ப சோடா, வினிகர், களிமண் வேண்டும். ஆப்ப சோடாவும் வினிகரும் எரிமலைக்கு. எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் மூன்று முறை எரிமலை வெடித்தது. நான்காவது முறை வினிகர் தீர்ந்துபோய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தோம், அதற்கும் வெடித்தது. குகை ஓவியத்துக்குத் தாள் பழசாகத் தெரிய வேண்டும், டீத் தண்ணீரில் நனைக்கவும் என்று குறிப்பு வந்தது. மயிலாப்பூரில் பிறந்தவள் என் மகள். டீத்தூள் வீட்டில் கிடையாது. இரண்டாம் டிகாக்‌ஷனில் முக்கி எடுத்தாள். உலகத்திலேயே காபி வாசனை அடிக்கும் குகை ஓவியம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அதில் பிரான்ஸ் நாட்டு லாஸ்கோ குகையின் காட்டெருமையைக் குழந்தைகள் பார்த்து வரைந்தார்கள். விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் பாறை ஓவியம் இருக்கிறது என்பது குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. 1940-ல் கண்டுபிடித்த லாஸ்கோவுக்குக் கூகுளில் படம் தாராளமாகக் கிடைக்கிறது.

பொம்மை டைனோசர் வாங்க தி. நகருக்குப் போனோம். 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர் அது. ஆகவே தி. நகரின் வரலாற்றுக்கு முற்பட்ட காலம் முடிந்தே ஏறக்குறைய நூறு வருஷம்தான் ஆகிறது. ஏரி கிடந்த இடத்தில் நடைபாதைக் கடை போட்டிருந்தவர், மீனைப் போல வழவழவென்று இருந்த ஒரு பிளாஸ்டிக் பிராணியை எடுத்து, “இது தண்ணி டைனோசர் சார்” என்றார். பேத்தி உடனே திருத்தினாள்: “அது டைனோசர் இல்ல. இக்தியோசார்.” நான் அசந்துபோனேன். அந்தக் கடல் பிராணியின் எலும்பு திருச்சிப் பக்கம் ஊட்டத்தூர் வட்டாரத்துப் பாறைகளிலிருந்து கிடைத்து, 19-ஆம் நூற்றாண்டிலேயே ‘இண்டிகஸ்’ என்று பெயரும் சூட்டப்பட்டது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “திருச்சியா? உச்சிப் பிள்ளையார் கோயில் இருக்கே, அங்கயா?” என்று கேட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவள் பாடத்தில் எந்தப் பிராணியும் திருச்சியில் வாழவில்லை. எல்லாம் மான்டானாவிலும் மங்கோலியாவிலும் வாழ்ந்தன.

கற்கால தினம் என்று ஒரு நாள் குறித்தார்கள். வாடகைக்கு மாறுவேட உடை தரும் கடைக்குப் போய், கற்கால மனுஷி உடை வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“சிவன் செட்டு எடுத்துக்குங்க சார். பாம்பு, சூலம், பிறை மூணையும் கழட்டிட்டா அதேதான். சடை ரெண்டுக்கும் பொது.”

“பொண் குழந்தைங்க.”

“புலித்தோலுக்கு ஆணென்ன பொண்ணென்ன? ஆருத்ராவுக்கு வேணும்னா பாம்போட திரும்ப வாங்க.”

அன்றைக்குப் பள்ளி வாசலில் பார்த்தால் பாம்பில்லாத சிவபெருமான்கள் வரிசையாகக் கார்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பிறையைக் கழற்ற மறந்து வந்துவிட்டான். கபாலி கோயிலைச் சுற்றி வளர்ந்த எனக்குக் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

மேடையில் புலித்தோல் அணிந்த மனிதர்கள் டி-ரெக்ஸை ஈட்டியால் விரட்டினார்கள். ஒரு மாமத் குறுக்கே ஓடியது. தமிழ்நாட்டில் மாமத் கால் வைத்ததே இல்லை. கடைசி டைனோசர் மாண்டது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால். இதுவரை கிடைத்த மிகப் பழைய கல் கருவியின் வயது 33 லட்சம் ஆண்டு. இடையில் இருக்கும் கோடிக்கணக்கான வருஷங்களைப் பள்ளி ஆண்டிறுதிக் கணக்கில் தள்ளுபடி செய்துவிட்டது போலும். வீட்டுக்கு வந்ததும் பேத்தியிடம், “மனுஷனும் டைனோசரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை, தெரியுமா?” என்றேன். “தெரியும் தாத்தா. ஸ்கூல்ல மட்டும்தான் பாத்துப்பாங்க” என்றாள். பள்ளியைப் பற்றி இவ்வளவு தெளிவு எனக்கு அந்த வயதில் இருந்ததில்லை.

அகழாய்வு வாரம் வேறு. சுண்ணாம்புக் கட்டி ஒன்றும், சின்னச் சுத்தியலும், பிரஷ்ஷும் கொண்ட பெட்டி. கட்டியைத் தட்டித் தட்டி உடைத்தால் உள்ளே பிளாஸ்டிக் எலும்புகள். பெட்டியில் ‘மேட் இன் சைனா’ என்று அச்சிட்டிருந்தது. சீனத்துக் கட்டிக்குள்ளிருந்து அமெரிக்க டைனோசரை அடையாறில் தோண்டி எடுத்தாள் என் பேத்தி. கட்டிலுக்கு அடியிலும் சுண்ணாம்புத் தூள்.

அந்தத் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. வீட்டைப் பெருக்க வேண்டியிருந்ததால் அல்ல. உண்மையாகவே ஒருவர் தோண்டிய குழியைப் பார்த்துக் குனிந்து, உண்மையாகவே ஒரு கல்லை எடுத்த இடம் இங்கேயிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

1863 மே 30. மே மாதக் கடைசி வெயில் எப்படி இருந்திருக்கும் என்று மெட்ராஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிச் சரளைக்கல் வெட்டிய குழி ஒன்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்தக் குழியில் ஒரு குவார்ட்சைட் கல்லைப் பார்த்தார். அவருக்கு அப்போது 28 வயது. இயற்கை உடைத்த கல்லல்ல, யாரோ இரண்டு பக்கமும் செதுக்கிக் கூராக்கிய கைக்கோடரி என்று அவருக்குப் பட்டது. பிரான்சில் ஸோம் ஆற்றங்கரைச் சரளையில் கிடைத்த இத்தகைய கற்கள் மனிதன் செய்தவைதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டே அப்போது நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்ததும் அதே 1859-ல்தான். இந்தியாவில் அவ்வளவு பழைய மனிதன் இருந்திருக்கக்கூடும் என்று அதிகம் பேர் நினைக்காத காலத்தில், கண்டோன்மென்ட் குழியில் கிடந்த ஒரு கல் அதைச் சொல்லிவிட்டது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் பிறந்த நாள் எது என்று கேட்டால் இந்தத் தேதியைத்தான் சொல்ல வேண்டும். பிறந்த ஊர் பல்லாவரம். இன்று அந்த ஊர் என்றால் நமக்கு வெள்ளிக்கிழமைச் சந்தையும், மேம்பாலமும், விமான நிலையத்துக்குத் தாமதமாகப் போவதும்தான்.

ஃபூட் அதோடு விடவில்லை. அந்த வருஷம் செப்டம்பரிலேயே சக ஊழியர் வில்லியம் கிங்கோடு கொசஸ்தலையாற்றுப் பக்கம் அதிரம்பாக்கம் போனார். அங்கே கல் கருவிகள் கொட்டிக் கிடந்தன. தென்னிந்தியா முழுக்க அலைந்து அவர் சேர்த்ததையெல்லாம் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் 40,000 ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் காலத்து 40,000. கல்லுக்கு அவ்வளவு பணமா என்று யாராவது அப்போதே முணுமுணுத்திருப்பார்கள்.

அதிரம்பாக்கத்தின் கதை அங்கே நிற்கவில்லை. தொல்லியல் ஆய்வாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அங்கே பல ஆண்டுகள் முறையாகத் தோண்டினார்கள். 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவர்கள் கட்டுரை, அங்குள்ள கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு, எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்கு மேல் என்றது. 2018-ல் ‘நேச்சர்’ இதழில் இன்னொன்று. சிறிய, நுட்பமான கருவிகளைச் செய்யும் முறை அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது. தற்கால மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்து அந்த முறையைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதி வைத்திருந்த கணக்கு அதனால் ஆட்டம் கண்டது. உலகத்தின் பெரிய ஆய்விதழ்களில் இரண்டு முறை இடம்பிடித்த இந்த ஆய்வை நடத்திய சர்மா பாரம்பரியக் கல்வி மையம் எங்கே இருக்கிறது? மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனியில். லஸ்ஸிலிருந்து நடந்தே போகலாம். குழந்தைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொல்பழங்காலம் பற்றிப் பயிலரங்குகளும் நடத்தியிருக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழு லஸ்ஸில் சார்ட் பேப்பர் மலிவாகக் கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்துவிட்டது. இந்த மையத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று சொன்னால் பேத்தி நம்ப மாட்டாள். அதிரம்பாக்கம் இருக்கும் அதே கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் பூண்டி நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். சென்னைக் குழாய்களுக்கு வரும் தண்ணீரில் அந்த ஏரியின் பங்கு உண்டு. ஆக, கற்கால மனிதன் குனிந்து குடித்த ஆற்றின் தண்ணீர்தான் நம் வீட்டு சம்ப்பில் வந்து விழுகிறது. நாம் அதை வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். அவன் அப்படியே குடித்தான்.

டைனோசர்தான் வேண்டும் என்றால் அதற்கும் நம்மிடம் வழி இருக்கிறது, கொஞ்சம் சோகமான வழி. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து, புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980-களின் கடைசியில் புருஹத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசரை அறிவித்தார்கள். 2023-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அதன் எடை 110 டன்னைத் தாண்டும். நிலத்தில் நடந்த பிராணிகளிலேயே பெரியதாக இருந்திருக்கலாம். பார்க்கப் போகலாம் என்றால் எலும்பு இல்லை. மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப்போய்விட்டது. மிச்சம் இருப்பது கட்டுரையும் கோட்டுப் படங்களும் சில புகைப்படங்களும்தான். உலகின் மிகப் பெரிய டைனோசரைத் தொலைத்தவர்கள் என்ற பட்டம் நமக்கு வர வாய்ப்பு உண்டு. இதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்ததும் ‘டைனோசர் முட்டை’ என்று நாடே கைபேசியில் கொண்டாடியது. புவியியல் அறிஞர்கள் போய்ப் பார்த்து, முட்டை அல்ல, படிவுகள் இறுகி உண்டான உருண்டைக் கற்கள் என்றார்கள். அந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. அந்தக் கற்களை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு கல்லமேட்டுக்கு வந்திருந்தால் ஒரு கொட்டகையாவது போட்டிருப்பார்கள்.

பழைய காலத்துப் பள்ளியே மேல் என்று சொல்ல வரவில்லை. அந்த ஒன்றேகால் பக்கத்தில் பல்லாவரமும் இல்லை, ஃபூட்டும் இல்லை. எங்கள் சார் தினமும் பல்லாவரத்திலிருந்துதான் ரயிலில் வந்தார். ஆதி மனிதன் எங்கோ ஐரோப்பாக் குகையில் குளிரில் நடுங்கினான் என்றுதான் சொல்லிக்கொடுத்தார். பேத்திக்கு அந்த வயதில் எனக்குத் தெரிந்ததைவிடப் பத்து மடங்கு தெரியும். தாவர பட்சிணி, மாமிச பட்சிணி என்று பற்களைப் பார்த்தே பிரிக்கிறாள். நான் மனப்பாடம் செய்தேன், அவள் கையால் செய்தாள். இரண்டு பேருமே நம்ம ஊர்க் கல்லைத் தொடவில்லை என்பதில் மட்டும் ஐம்பது வருஷத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் பல்லாவரமும் அதிரம்பாக்கமும் வருகின்றன. பெரிய பணம் கட்டும் பள்ளிகளில் படிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த யோகம் இல்லை. கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு.

நவராத்திரிக்குப் பருவம் முடிந்தது. வடக்கு மாட வீதியில் வாங்கிய புதுச் செட்டியார் பொம்மை ஜோடிக்குக் கொலுவில் இடம் தேடினால், படிக்குக் கீழே போட்டிருந்த பார்க்கில் டி-ரெக்ஸ் ஏற்கெனவே குடியேறியிருந்தது. தசாவதாரத்தில் மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் நடுவில் இக்தியோசார். பார்க்க வந்த மாமி ஒருத்தி, “இது எந்த அவதாரம்?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். சுண்டல் கொடுத்து அனுப்பினோம்.

விடுமுறையில் பேத்தியை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். வளாகத்தில் இருக்கும் டைனோசர் சிலையோடு படம் எடுத்துக்கொள்ளாமல் உள்ளே வர மறுத்தாள், எடுத்தோம். பிறகு கல் கருவிகள் வைத்திருக்கும் பகுதிக்குப் போனோம். பல்லாவரத்தில் 1887-ல் அலெக்ஸாண்டர் ரே கண்டெடுத்த, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை ஒன்றும் இந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதைப் பற்றிச் சொன்னதும், “அதுக்குள்ள ஆள் இருந்தாங்களா?” என்றாள். இருந்தார்கள் என்றேன். கைக்கோடரிகளின் முன்னால்தான் அதிக நேரம் நின்றாள். கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தாள்.

“பெரியவங்க கைக்குத்தான் செஞ்சிருக்காங்க.”

“ஆமாம்.”

“சின்னப் பசங்களுக்கு?”

பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முன் சின்னப் பசங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரியவர்கள் செய்வதைப் பார்த்து ரெண்டு கல்லைத் தட்டிக்கொண்டிருப்பார்கள் என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

அடுத்த பருவத்துக்கு விண்வெளி தீம் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. தெர்மகோல் உருண்டைகள் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பள்ளியிலாவது இனிமேல் கற்காலத்துக்கு முறை வந்தால், சிவன் செட்டு வாடகைக்கு எடுக்கும் முன் ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே கூட்டிப் போகட்டும். மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறினால் பல்லாவரம் ஏழாவது நிறுத்தம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.